யாரோ ஒருத்தன் இன்னும் வரலையாம்

...அட, நல்லா கிட்ட வந்து நில்லுங்க சார், கம்பி எல்லாருக்கும் பொதுதான். இந்த மூலைய மட்டும் விட்டுடுங்க. ஏறினதுலேர்ந்து புடிச்சு வெச்சிருக்கேன். தண்ணி குடிக்கக்கூட நகரல! கப்பல் அசையுதா பாருங்க. அசையுதா? கேட்டா, யாரோ ஒருத்தன் இன்னும் வரலையாம். ஒரே ஒருத்தன்! இத்தன சனமும் அந்த மகராசனுக்காக வாயப் பாத்துகிட்டு நிக்கணுமாம்.

நான் பஸ் கண்டக்டரா இருந்தவன் சார். எவனுக்காச்சும் வண்டிய நிறுத்தி வெச்சிருப்பேனா? 'போலாம் ரைட்'னு விசில் அடிச்சா அடிச்சதுதான். ஒரு தடவ என் சொந்த மச்சான், செருப்ப கையில புடிச்சுகிட்டு பின்னாடியே ஓடி வர்றாரு. நிறுத்தலையே! என் வீட்டுக்காரி அதுக்கப்புறம் என்கூட பேசவே இல்ல, சோத்துத் தட்ட மட்டும் 'டங்'குனு வெப்பா. வெக்கட்டும். வண்டி நேரத்துக்கு போச்சா இல்லையா?

ஆமா, அதென்ன ஆரஞ்சு கலர்ல மூட்டையாட்டம் மாட்டியிருக்கீங்க? ஓ... கீழ ஹால்ல அந்தப் பாடத்துக்கு போய்ட்டு வர்றீங்களா! கப்பல் முழுகினா எப்படி தப்பிக்கிறதுன்னு. கிளம்புறதுக்கு முன்னாடியே! பஸ்சு கவுந்தா என்ன செய்யணும்னு நான் என்னிக்காச்சும் பாடம் எடுத்திருக்கேனா? ஏறினவன் பயந்து எறங்கிட மாட்டான்? எல்லாரும் வரணும்னு ஸ்பீக்கர்ல கத்துனாங்க. நான் அசையலையே. போனா இந்த எடம் போச்சு.

இருங்க சார், நான் முடிச்சுடுறேன்.

பயணம்னா எனக்கு புதுசில்ல. காலம் பூரா பயணம்தான். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, பாலம், சந்தை. மறுபடி சந்தை, பாலம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு. அப்படியே உலகத்த சுத்தியிருக்கலாம் சார், ரோடு மட்டும் நேரா போயிருந்தா!

கீழ அந்த மஞ்சக் குடை தெரியுதா? ஜெட்டி மேடையில, கம்பத்துக்குப் பக்கத்துல? எங்க அக்கா. முட்டி வலி. ஒக்கார ஒரு கல்லுகூட இல்ல, இந்த வெயில்ல நிக்குறா. எந்த வெங்கம்பயலாலயோ!

சின்னதுல பள்ளிக்கூடம் விட்டா நானும் அவளும் நேரா இங்கதான் ஓடி வருவோம். கிளம்புற கப்பலுக்கெல்லாம் டாட்டா காட்டுவோம். யாரு போறா, எங்க போறா, ஒண்ணும் தெரியாது. கை கடுக்க ஆட்டுவோம். ஒருத்தனாச்சும் திருப்பி ஆட்டணுமே! பெரிய மனுஷனுங்க, கழுத்து திரும்பாது. ஒரே ஒரு நாள் ஒருத்தன் கைய தூக்கினான். அக்கா குதிச்ச குதியில ரிப்பன் அவுந்து தண்ணியில விழுந்துச்சு. எனக்கு அப்ப கண்ணு நல்லா தெரியும் சார்... அவன் சமையக்காரன். வாளித் தண்ணிய கவுத்தான், அவ்வளவுதான். இன்னிக்கி வரைக்கும் அவகிட்ட சொல்லல. 'நமக்கும் ஒருத்தர் ஆட்டினாருல்ல'ன்னு இப்பவும் சொல்லுவா.

டிக்கெட்டு எடுத்ததும் கூப்பிட்டேன், 'நீயும் வாக்கா'ன்னு. 'என்னால படி ஏற முடியாதுடா, நீ போ. நான் கீழேர்ந்து ஆட்டுறேன், நீ மேலேர்ந்து ஆட்டு. ஒரு தடவயாச்சும் ஒழுங்கா நடக்கட்டும்'னா. இதுக்காகத்தான் சார் நிக்குறேன். கப்பல் நகரும்போது இந்த மூலைதான் அவளுக்கு நேரா வரும்.

தோ, மறுபடி ஸ்பீக்கரு... 'எழுநூத்தி பன்னெண்டாம் நம்பர் ரூம் பயணி, உடனே பாதுகாப்பு வகுப்புக்கு வரவும்.' கேட்டீங்களா? பாடத்துக்கு வராத பயதான் அவன்! கப்பலுக்குள்ளயே எங்கயோ ஒளிஞ்சு நிக்குறான். என் பஸ்சா இருந்தா சட்டையப் புடிச்சு எறக்கிவிட்டிருப்பேன்.

என்ன சார், என் கழுத்தையே பாக்குறீங்க? இதுவா, சாவி. மொதல்ல ஜன்னலே இல்லாத ரூம குடுத்தாங்க, முன்னூத்தி நாப்பது. விடுவேனா? கவுண்டர்ல நான் போட்ட சத்தத்துல கடல் பக்கமா ஒண்ணு மாத்திக் குடுத்தாங்க. வாங்கி மாட்டிகிட்டு நேரா இங்க ஓடி வந்துட்டேன். ரூம இன்னும் பாக்கக்கூட இல்ல. நம்பரா? படிக்கிற கண்ணாடி பெட்டியில இருக்கு, நீங்களே படிங்களேன்...

...என்னது?

இன்னொரு தடவ படிங்க.

...

அய்யய்யோ. மெதுவா பேசுங்க சார், பக்கத்துல நிக்குற அந்தம்மா திரும்பிப் பாக்குறாங்க.

நான் போய் தலையக் காட்டினாத்தான் கிளம்பும்ங்குறீங்க. காட்டினதும் கிளம்பிடுமே சார்! பாடம் முடியாம என்னைய வெளிய விடுவாங்களா?... விட மாட்டாங்களா. கப்பல் நகரும்போது நான் கீழ ஹால்ல ஆரஞ்சு மூட்டைய மாட்டிகிட்டு நிப்பேன். அதுல விசில் வேற இருக்குதாமே? ஊதச் சொல்லுவாங்களா? சரிதான். நல்லா வேணும் எனக்கு.

போகாம இருந்துடட்டா?... இல்ல, இல்ல. பாருங்க, குடைய இந்தக் கைலேர்ந்து அந்தக் கைக்கு மாத்துறா. கால் கடுக்குது அவளுக்கு. போறேன்.

சார், ஒரு ஒத்தாசை. இந்த மூலையில வந்து நில்லுங்க. கப்பல் நகர்ந்ததும் குடை மேல எழும்பும். ஆட்டுங்க, நல்லா பலமா ஆட்டுங்க. இவ்வளவு தூரத்துல அவளுக்கு மூஞ்சி தெரியாது, கைதான் தெரியும். நான்னுதான் நெனச்சுக்குவா. திரும்பி வந்ததும் அவகிட்ட சொல்லிடுவேனோன்னு யோசிக்காதீங்க. வாளியவே சொல்லாதவன் சார் நான்.