கழுவின கை

— சோப்பு போட்டுக் கழுவுக்கா. சும்மா தண்ணில நனைச்சிட்டு வந்து விரல நீட்டாத.

— எல்லாம் கழுவியாச்சு தாயி. எப்பவும் பஞ்ச வச்சுத் தொடச்சிட்டுத்தான குத்துவ? இன்னைக்கு என்ன புதுசா?

— புதுசுதான். போ காளியம்மாக்கா, நான் நிக்கறன்.

— மெதுவாப் பேசு ரஞ்சிதா. அவுக நைட் ஷிப்டு முடிச்சு இப்பத்தான் கண்ணசந்திருக்காக. மாத்திர குடுக்க நீ மாசப் பொறப்புலல்லா வருவ? வாரேன்னு ஒரு போன்கூடப் போடல.

— சொல்லிட்டு வந்தா நீ வெல்லம் இடிச்சிகிட்டு உக்காந்திருப்ப.

— என்னட்டி பேச்சு இது?

— கோவிச்சிக்காதக்கா. போன வாரம் நாராயணம்மாக்கா வீட்ல சக்கரை டெஸ்ட் எடுத்தன். லட்டு புடிச்சிகிட்டு இருந்தாங்க. மெஷின்ல நம்பரு எங்கயோ ஏறிப் போயிடுச்சு. கையக் கழுவிட்டு மறுபடி குத்துனா ஒண்ணுமே இல்ல. பஞ்சுல தொடைச்சும் அந்த இனிப்பு போகல. அப்பதான் உன் ஞாபகம் வந்துச்சு. நான் வர்ற அன்னிக்கெல்லாம் உன் விரலு பிசுபிசுன்னுதான இருக்கும்?

— சவத்த விடு. வெல்லம் தொட்ட கை. அதுக்கா இந்த வெயில்ல வந்த?

— சக்கரையே இல்லாத உனக்கு மாசாமாசம் சக்கரை மாத்திரை குடுத்திருக்கன். அதெல்லாம் எங்க போச்சு?

— முழுங்கினேன்.

— நீ முழுங்கியிருந்தா இன்னேரம் மயங்கி விழுந்திருப்ப. உண்மையச் சொல்லுக்கா. உள்ள தூங்கறாரே சுடலைமுத்தண்ணன், அவருக்கா?

— சத்தமாச் சொல்லாத, ஒனக்குப் புண்ணியமாப் போவும். பக்கத்து ரூம்லதான் இவுக கம்பெனி சூப்பர்வைசர் பாலாஜி இருக்கான்.

— இருக்கட்டுமே. அண்ணனுக்கு சக்கரைன்னா அவரு பேர்லயே குடுத்திருப்பனே! கவர்மெண்ட் மாத்திரைதான?

— குடுப்ப. எப்படிக் குடுப்ப? கேட்டுல நின்னுகிட்டு, ‘பெருமாளண்ணா, பிரஷர் மாத்திரை! சரோஜம்மா, சக்கரை மாத்திரை!’ன்னு லைன் வீடு பூராவும் கேக்க ஏலம் போட்டுத்தான குடுப்ப?

— ஒவ்வொரு ரூமா ஏறி எறங்க எனக்கு முட்டி வேணாமா? ஜூஜுவாடில பாதி நான் ஒருத்திதான் நடக்கறன். சாக்காய்த்துக்கா, போதும் போதும்னு ஆயிடுது.

— ஒன்னக் குத்தம் சொல்லல. அந்தப் பெருமாளுக்கு என்னாச்சு தெரியுமா? பிரஷர்னு காதுல விழுந்ததும் காண்ட்ராக்டர் அவர பிரஸ் மெஷின்லருந்து நிப்பாட்டிட்டான். மயங்கி விழுந்து கைய உள்ள விட்டா யாரு பதில் சொல்லுததுன்னுட்டான். இப்போ அத்திபெலேல மூட்ட தூக்குதாரு.

— அய்யோ தேவுரே! நான் கூப்பிட்டதாலயா?

— நீ என்ன செய்வ, பாவம். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ இவுக கால்ல புண்ணு ஆறவே இல்ல. அங்க பெரியாஸ்பத்திரில பாத்துட்டு சக்கரைன்னுட்டாக. இவுகளுக்கும் அதே பிரஸ் மெஷின்தான், இந்த வேலைய விட்டா நாங்க எங்க போவோம்? ஊர்ல ஒழுகாத கூரைகூடக் கெடையாது. அதான் வெல்லம் தொட்ட வெரல நீட்டி நான் சக்கரக்காரி ஆயிட்டேன்.

— அடப் பாவமே. இங்க பாருக்கா, உன் நம்பரு எறங்கவே மாட்டேங்குதுன்னு டாக்டரம்மா மாத்திரையக் கூட்டிகிட்டே போனாங்க. வெல்லத்துக்குக் கூட்டின மாத்திரைய அண்ணன் சாப்பிட்டுகிட்டு இருக்காரு!

— கூடச் சாப்பிட்டா நல்லதுதான?

— நல்லதா? சக்கரை ஒரேயடியா எறங்கிடும்க்கா. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண்ணு இருட்டும். இன்னாக்கா, ஏன் அப்படிப் பாக்கற?

— முந்தாநாத்து மெஷின் கிட்ட நிக்கையில கை ஆடுச்சுன்னாக. டீ குடிச்ச பொறவுதான் தெளிஞ்சுதாம். ஒறக்கம் பத்தலன்னுல்லா நெனச்சேன்! எங்கையாலயே குடுத்தேனே தாயி, எங்கையாலயே!

— அழாதக்கா. அவரு எழுந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்கிக் கூட்டியா. அதுவரைக்கும் அந்த மாத்திரையக் குடுக்காத. அவரோட சக்கரையப் பாத்து அளவா எழுதுவாங்க.

— அங்கன வந்தா ஒன் லிஸ்டுல அவுக பேரு ஏறுமே. ஏறினா நீ கேட்டுல...

— கூப்பிட மாட்டன்க்கா. இனிமே யார் பேரையும் கேட்டுல கூப்பிட மாட்டன். முட்டி போனாப் போகுது, ரூமுக்கே வரன்.

— நீ கூப்பிட மாட்ட. நாளைக்கு ஒனக்குப் பதிலா வேற புள்ள வந்தா? வேண்டாம் தாயி. எம் பேரு அப்படியே கெடக்கட்டும். அளவ மட்டும் கொறச்சுக் குடு.

— முடியாதுக்கா. அந்த மெஷின்ல அண்ணன் கை போச்சுன்னா அப்புறம் எனக்கு சோறு எறங்குமா? உனக்கு சக்கரை இல்லன்னு சொல்லி இன்னிக்கே உன் பேர எடுத்துடப் போறன். உன் பேரு போனாதான் அவரு வருவாரு.

— ஈவு எரக்கமே இல்லையாட்டி ஒனக்கு?

— இருக்கறதாலதான் வந்தன். போ, கழுவிட்டு வா. நல்லா தேய்ச்சு, நகத்து இடுக்குலயும் தேய். ம், போதும். துணில தொடை. விரல நீட்டு.

— குத்து. இத்தோட முடிஞ்சுது எங்க பொழப்பு.

— இரு.

— என்ன காட்டுது?

— இன்னொரு கையக் குடுக்கா.

— எதுக்குட்டி? அதான் பாத்தாச்சுல்லா?

— குடுன்னா குடுக்கா. காலைலருந்து இன்னா சாப்பிட்ட?

— ஒண்ணுமில்ல. அவுகளுக்கு ஆக்கி வச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன். பச்சத் தண்ணியாத்தான் குடிக்கேன், நாக்கு வறண்டு வறண்டு போவுது.

— ராத்திரில அடிக்கடி எழுந்திருக்கறியா?

— எந்திரிச்சு எந்திரிச்சுப் போயி ஒறக்கமே போச்சு. வெக்கைதான், வேறென்ன?

— இது வெல்லம் இல்லக்கா. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரிதான் காட்டுது. உனக்கே சக்கரை வந்திருக்கு.

— நெசமாவா?

— நெசமாத்தான்க்கா. நல்லா ஏறிக் கெடக்கு.

— சொடலமாடசாமி என்னக் கைவிடல தாயி. அப்போ எம் பேர எடுக்க மாட்டல்லா?