உப்பில்லாக் கஞ்சியும் குத்தாலிங்கம் காலும்

காலை எடுக்கச் சொல்லுதீரே, எங்கன வே எடுத்து வைக்க? கழட்டியா வைக்க முடியும்? இது காலா... நல்லாப் பாரும், பலாப்பழத்துல விரலு மொளைச்ச மாதிரி இருக்கு! டாக்டரு என்ன சொன்னாரு, தொங்கப் போடாதேயும், உசத்தி வையும்னாரு. பஸ்ஸுல உசத்தி வைக்கணும்னா எதிர்த்த பெஞ்சுலதான் வைக்கணும். எதிர்த்த பெஞ்சுல நீரு இருக்கீரு. அது என் குத்தமா? கொஞ்சம் ஓரமா நவுந்து இரும்... ஆங், அப்படி. தென்காசி வரைக்கும்தானே, ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போவோம்.

குளிக்க வந்தீரோ? தலை ஈரமா இருக்கே. குளியும், குளியும். சாரல் விழுந்து பத்து நாளாச்சு, நான் இன்னும் அருவியில தலைய நீட்டல்ல. ஆறு வருசமா குத்தாலத்துல பங்களாக் காவல் பாக்குதேன், ஒரு சீசனுலயும் நான் இப்படிக் காஞ்சு கெடந்ததில்ல. கேட்டுப் பக்கத்துல ஒரு முக்காலி. விடிஞ்சதுலேருந்து பொழுது அடையுத வரைக்கும் அதுல காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கணும். காலையில செருப்பு ஏறுது, சாயந்தரம் ஏறமாட்டேங்குது! செருப்புதான் நனைஞ்சு சுருங்கிட்டுன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போனேன். அவனோட இன்னும் பேச்சு இல்ல. தப்பு செருப்பு மேல இல்லதான்... அதுக்காக நானாப் போயிப் பேச முடியுமா?

பிறகுதான் தென்காசியில நயினார் டாக்டருகிட்ட போனேன். பெருவிரலால கணுக்காலு பக்கம் ஒரு அமுக்கு அமுக்கினாரு... குழி! விழுந்த குழி விழுந்தபடியே கெடக்கு, பல்லாங்குழி மாதிரி. மூத்திரத்தைக் குப்பியில வாங்கிச் சுட வச்சுப் பாத்தாரு, நெஞ்சுல கொழாய வச்சுக் கேட்டாரு. எல்லாம் நல்லாருக்கு, ஒடம்புல நீரு கோத்திருக்கு, அவ்வளவுதான்னாரு. உப்புதான் தண்ணியப் பிடிச்சு வைக்குமாம். உப்பை விட்டா, பிடிச்சு வச்சதெல்லாம் மூத்திரமாப் போயிருமாம். காலை உசத்தி வையும், நடுநடுவுல எந்திச்சு நாலு எட்டு நடையும், உப்பைத் தொடாதேயும். இதுக்கு ஒரு டாக்டரு!

தண்ணியப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல்ல, அது நானா யோசிச்சேன். ஒடம்புல நிக்கது தண்ணி. அது மேலயே தண்ணிய ஊத்தினா வடியுமா? நெறைஞ்ச கொளத்துக்கு எவனாவது கால்வாயத் திருப்பி விடுவானா? அதனால ஒரு நாளைக்கு ஒரே ஒரு தம்ளரு. எட்டு நாளா! அருவிச் சத்தம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. படிப்பு இல்லாட்டியும் நமக்கும் மூளை உண்டும்லா?

காலு வடிஞ்சுதாங்கீரா? எங்க வடிஞ்சுது... கூடிட்டு வே! அப்பம் குத்தம் யாரு மேல? கஞ்சி காச்சுதவ மேலதானே?

முத்துவடிவு, என் பெஞ்சாதி. தென்காசியில வீடு. மத்தியானம் தூக்குவாளியில கஞ்சியும் வாழைத்தண்டும் இதே பஸ்ஸுல குடுத்து விடுவா. உப்பே போடல்லைங்கா. வாயில வச்சாலும் உப்பு இல்லாத மாதிரிதான் இருக்கு. அதான் அவ சாமர்த்தியம்! போன ஞாயித்துக்கெழமை வீட்டுக்குப் போயி, வாசல்ல சூடத்தைக் கொளுத்தி வச்சு, "ஏட்டி, உப்பு போடல்லைன்னா அணைச்சு சத்தியம் பண்ணு"ன்னுட்டேன். தெருவே வேடிக்கை பாக்கு. எதிர்த்த வீட்டு ஹைருன் பீவி, "என்ன குத்தாலிங்கண்ணே, நாப்பது வருசம் சோறு போட்டவளை இப்படியா நிறுத்துவீய?"ன்னு சத்தம் போடுதா. இவ குனிஞ்சா. உள்ளங்கையால ஒரே அடி. சூடம் அணைஞ்சுது, கை பொள்ளிப் போச்சு. அப்பவும் நான் நம்பல்லையே! மறுநாளும் கஞ்சி வந்துது, கேட்டீரா... சரி, அதை விடும்.

என்ன அவசரம்னா கேக்கீரு? வெள்ளிக்கெழமை கீழப்பாவூர்ல என் தங்கச்சி மக செண்பகவல்லிக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். நான் மாலை போட்டு, கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போகணும். இன்னைக்கு டாக்டரு மறுபடி அமுக்கிப் பாப்பாரு. குழி விழுந்தபடியே கெடந்துதுன்னா ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டுருவேன்னுட்டாரு. நான் படுத்தேன்னா... பிச்சுமணி! எங்க சித்தப்பா மவன். அவனும் மாமன் மொறைதானே, மாலையத் தூக்கிட்டு முன்னால வந்து நிப்பான்.

முன்னயும் அப்படி நின்னவன்தான் வே அவன்! அந்தப் பிள்ளைக்குக் காது குத்துக்கு நான் போன பஸ்ஸு பாவூர்சத்திரத்துல ரிப்பேராயிட்டு. ஒரு மணி நேரம். பிள்ளைக்கு அப்பா, என் மச்சினன் சுந்தரபாண்டியன், கொஞ்சம் பொறுக்கக் கூடாதா? பிச்சுமணி மடியில பிள்ளைய இருத்திக் காதையும் குத்தி, பந்தியையும் முடிச்சுட்டாரு! பதினேழு வருசமாச்சு. அவரு வீட்டுல நான் இன்னும் ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. இப்பம் எங்க வீட்டுலயே குடிக்கதில்ல... அது வேற.

இரும், தொண்டை காஞ்சுட்டு. இந்தப் பொட்டலத்தைப் பிரியும். நெல்லிக்காதான். நீரும் ஒண்ணு எடுத்துக்கிடும். ஒண்ணை வாயில அடக்கிக்கிட்டா கொஞ்ச நேரத்துக்குத் தாகம் மறந்துரும். தண்ணியில்லாம எட்டு நாளு ஓட்டினேன்னா இதாலதான். கோயிலுக்குப் போற பாதையில ஒருத்தன் கண்ணாடிப் பரணியில போட்டு விக்கான். ஒரு நாளைக்குப் பன்னெண்டு, பதினஞ்சு போவும். அடியில கெடக்க சாறைக் கூட விடமாட்டேன், உள்ளங்கையில ஊத்தி உறிஞ்சிருவேன்...

என்ன வே மூஞ்சியச் சுளிக்கீரு? புளிக்கா? ...புளிக்கல்லையா? பிறகு? ...ஊறப்போட்டதுதான், பச்சை நெல்லிக்கா இப்படிக் கொழகொழன்னா இருக்கும்? பரணியில நெல்லிக்காயைக் கொட்டுவான், மொளகா போடுவான், தண்ணிய ஊத்தி அது மேல ரெண்டு கை நெறைய உப்பு...

உப்பு...

இல்ல வே. அவரு உப்பைத்தானே தொடாதேன்னாரு? நெல்லிக்காயைத் தொடாதேன்னு சொன்னாரா? ...சிரிக்காதேயும். அந்தப் பரணிக்காரப் பயலாவது ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா? தெனம் காலைப் பாத்துக்கிட்டே பொட்டலம் கட்டுதான்! இனி அவனோடயும் பேச்சு இல்ல.

தென்காசி வந்துட்டே... அந்தா, பச்சைச் சீலை. முத்துவடிவுதான். டாக்டருகிட்ட கூட வாரேன்னு சொல்லிவிட்டிருந்தா. கையில துணி சுத்தியிருக்கா... வலது கை. ஓய், நீரும் கூட வாரும். நான் சொன்னா நல்லாருக்காது. "பாவம், தெரியாமத் தின்னுட்டாரு"ன்னு நீரு ஒரு வார்த்தை... ஓய்! ஓய்! பஸ்ஸு நிக்கதுக்கு முன்னாலயா குதிப்பாரு மனுசன்?

போவட்டும்.

இன்னைக்குச் செவ்வாய். காரணத்தைச் சொன்னா, மூணு நாளு வாயைக் கட்டும், வடிஞ்சுரும்னு டாக்டரு விட்டாலும் விடுவாரு. சொல்லல்லைன்னா கட்டிலுதான். சொல்லணும்னா அவ முன்னாலதான் சொல்லணும்...

கண்டக்டரு தம்பி, கையக் குடும், மெள்ள எறக்கி விடும். சொல்லிருதேன்யா. அவ சூடத்தைக் கொளுத்தி வச்சு என்னை நடுத்தெருவுல நிறுத்தினாலும் நிறுத்தட்டும்... அந்தப் பிச்சுமணி மட்டும் மாலையத் தொடக் கூடாது!