பாட்டுக் கேளாத குஞ்சு

கோடையில் ஷார்ஜாவில் புத்தகம் விற்காது, டாக்டரம்மா. பள்ளிக்கூடம் மூடியதும் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். கடையில் ஏசி ஓடும், ஆள் இருக்காது. நான் படிப்பது அப்போதுதான். விலங்கியல் பட்டதாரி நான். புதிதாக வரும் அறிவியல் புத்தகங்களை விலைச்சீட்டு ஒட்டுமுன் அட்டை கசங்காமல் ஒரு முறை வாசித்துவிடுவேன். யார் எந்த உயிரை எப்படி ஆராய்ந்தார் என்ற வரலாறு என்றால் எனக்குப் பசியே தெரியாது.

நீங்கள் குழந்தையைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

லக்சிகா கிளிநொச்சிப் பெண். ஓர் அரபு வீட்டில் வேலை பார்த்தாள். அந்த வீட்டு மேடம் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்க வரும்போது பைகளைத் தூக்கிக்கொண்டு கூட வருவாள். ஒரு நாள் மெல்ல என்னிடம் வந்து, "தமிழ்ப் புத்தகம் ஒண்டும் இல்லையோ அண்ணா?" என்று கேட்டாள். பழக்கம் அப்படித் தொடங்கியது. எனக்குக் காரைக்குடியில் மனைவியும் மகளும் இருப்பதை நான் மறைக்கவில்லை. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் அவள் அந்த வீட்டை விட்டு ஓடி, ஷார்ஜாவின் ரோலா பகுதியில் இருந்த என் ஒற்றை அறைக்கு வந்துவிட்டாள். கல்யாணம் இல்லாமல் பிள்ளை என்றால் இங்கே இருவருக்கும் ஜெயில். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? 2003 கடைசியில் அந்த அறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. பெட்டி பிரிக்கும் கத்தியைக் கொதிக்கவைத்து நான்தான் தொப்புள்கொடியை அறுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றால் எழுந்துபோய்க் கதவில் காது வைப்பேன். அழுகிற குழந்தையை டிவி சத்தத்தில் மறைத்துவிடலாம். பேசுகிற குழந்தையை மறைக்க முடியாது. யாராவது கதவைத் தட்டினால் 'யாரு?' என்று கேட்டுவிடும். ஆகவே லக்சிகாவிடம், பிள்ளையிடம் பேசாதே, பாடாதே என்றேன். நியாயமான வேண்டுகோள்தான்.

"உங்களுக்கு விசரே? என்ட பிள்ளையோட நான் கதைக்காமல் ஆர் கதைக்கிறது?" என்றாள்.

குரலைத் தாழ்த்திக்கொண்டாளே தவிர நிறுத்தவில்லை. நான் குளிக்கும்போதுகூடக் குழந்தையின் காதில் ஏதோ முணுமுணுப்பாள்.

அடுத்து வந்த 2004 கோடையில்தான் பறவைகளின் பாட்டைப் பற்றி ஒரு புதுப் புத்தகம் கடைக்கு வந்தது. முட்டையிலிருந்து வந்ததுமே தனியாக வைத்து, பெரிய பறவையின் பாட்டைக் கேட்காமலே வளர்த்த குஞ்சுகள். அவையும் பாடுமாம். ஆனால் அது உடைந்த, குறைப்பட்ட பாட்டு. பழைய காலத்து ராஜா ஒருவர் பச்சைக் குழந்தைகளைப் பேச்சில்லாமல் வளர்த்துப் பார்த்ததாக ஒரு கதையும் அதில் இருந்தது. அன்று இரவு, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன். என் பயத்துக்கு ஓர் அர்த்தம் கிடைத்தது போலிருந்தது.

மேடத்தின் எண் கடையில் இருந்தது. லக்சிகா பால்மாவு வாங்கப் போகும் கடையின் பெயரை, நான் யாரென்று சொல்லாமல், மேடத்திடம் ஃபோனில் சொன்னேன். போலீஸ் அங்கேயே பிடித்தது. பிள்ளையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. பிடிபட்டால் மூச்சு விடாதே, விட்டால் பிள்ளையும் உன்னோடு ஜெயிலுக்கு வரும், நான் எப்படியாவது ஊருக்கு அனுப்பிவைக்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். அவள் நம்பினாள். அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு கடைக்கு ஃபோன் செய்வாள். "பிள்ளை கதைக்கத் தொடங்கிட்டுதோ?" என்பாள்.

"நல்லாப் பேசுறா" என்பேன். அவளுக்கும் ஆறுதல் வேண்டுமல்லவா.

நான் குழந்தையை ஒரு நாளும் அடித்ததில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போவேன்; பால், முட்டை, பேரீச்சம்பழம் எல்லாம் வாங்கிப்போட்டேன். உதட்டில் விரல் வைத்தால் அடங்கிவிடுவாள்; முதலில் கற்றுக்கொண்டது அதுதான். வெள்ளிக்கிழமைகளில் என் மகள் பானுப்பிரியாவிடம் நெடுநேரம் பேசுவேன், பள்ளியில் படித்த பாட்டையெல்லாம் பாடச் சொல்லிக் கேட்பேன். அதற்காகத் தெருவுக்கு இறங்கிப் போய்விடுவேன். அறையில் ஒரு சொல்லும் விழக் கூடாது.

குழந்தை தானாகவே சில ஒலிகளை உண்டாக்கினாள். பசிக்கு ஒன்று. என் சாவிச் சத்தத்துக்கு ஒன்று. பக்கத்து ஃபிளாட் ஜுலைஹா பீவி ஒரு நாள் லிஃப்டில், "குருவி வளக்குறீங்களா தம்பி? பாத்ரூம் வழியா கேக்குது. நல்லாத்தான் கத்துது" என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் ஒரு பொட்டலம் தினை கொண்டுவந்து கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

2007இல் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். விசா தாளில்லாதவர்கள் தண்டனை இல்லாமல் ஊர் போகலாம். லக்சிகா அழுதுகொண்டு ஃபோன் செய்தாள். "இப்ப அனுப்பிவிடுங்கோ. உங்கட காலில விழுறன்." விண்ணப்பித்துப் பார்த்தேன், குழந்தைகளுக்குக் கிடையாதாம் என்றேன். நான் விண்ணப்பிக்கவே இல்லை. அனுப்பினால் அவளை என்னவென்று சொல்லி அனுப்புவது? தவிர, மூன்று வருஷத்து அமைதி வீணாகிவிடும்.

2009 தொடக்கத்தில் அவள் ஊர் இருக்கும் வன்னியில் சண்டை உச்சத்துக்கு வந்தது. அதன்பின் ஃபோன் வரவில்லை.

ஜூலையில் அறையில் ஏசி நின்றுபோனது. நான் கடையில் இருந்தேன். உள்ளே கேட்ட சத்தத்தில் குருவி வெப்பத்தில் சாகிறது என்று பயந்து, ஜுலைஹா பீவி வாட்ச்மேனைக் கூட்டிவந்து கதவைத் திறக்கவைத்திருக்கிறார். நான் வந்தபோது அவர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். "பேசு கண்ணு, பேசு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை அவர் உதட்டைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

போலீசிடம் ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டேன், அதைத் திருத்திவிடுகிறேன். பருவம் கடந்தபின் எவ்வளவு கேட்டாலும் குஞ்சுக்கு அந்தப் பாட்டு வராது என்று எழுதியிருந்த பக்கத்தை நான் படிக்கவில்லை என்றேன். படித்தேன். முதல் கோடையிலேயே படித்தேன். தாயைப் பிடித்துக் கொடுத்ததும், பிள்ளையின் பேச்சை எடுத்ததும் தெரிந்தே செய்தவை. ஆனால் அன்பில்லாமல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பிள்ளையைப் பிரியக் கூடாது என்றுதான் எல்லாம்.

பெயரா? லக்சிகா ஏதோ வைத்திருந்தாள், நல்ல பெயர்தான். கூப்பிடும் வேலை இல்லாததால் மறந்துவிட்டது. ஞாபகம் வந்தால் சொல்கிறேன்.