செவப்புக் கொடிக்கு நூத்தி எம்பத்தஞ்சு மீட்டரு

நிக்காதீங்க சர்வேயர் சார், அந்தக் கட்டில்ல உக்காருங்க. தாங்கும் தாங்கும். கயிறு புதுசு, நான்தான் கட்டினேன், இருவது நாளு கூட ஆவல. உங்க வாட்ச்ல மணி இன்னா சார்? பதினொண்ணு அம்பதா. சரி, டைம் இருக்குது.

ஆமாங்க, மனு போட்ட சவுரிராயன் நான்தான். இன்னா, பெரிய ஆளா எதிர்பாத்தீங்களா? பத்தாவது பாதியில நின்னவன்தான். திண்டிவனத்துல படிச்சேன். கணக்கு வாத்தியாரு, ஒருத்தன் கலங்கரை விளக்கு மேல நின்னுகினு கப்பலப் பாக்கறான், கப்பல் எவ்ளோ தூரம்னாரு. அவனுக்கு வேற வேல இல்லியா சார்னேன். எம்பத்திரெண்டுல வெளிய போடான்னாரு. நாலு வருசம் ஆச்சு, இன்னும் உள்ள கூப்பிடல.

சிரிங்க. சிரிச்சிகினே அங்க பாருங்க. செவப்புக் கொடி தெரியுதா? பெரியசாமி குவாரி. வெடி வெக்கற எடத்துல அத நடுவாங்க. வெடிக்கும் வீட்டுக்கும் முன்னூறு மீட்டர் இருக்கணும். நீங்க போன மாசம் வந்து முன்னூத்திப் பத்துன்னு எழுதிட்டுப் போயிட்டீங்க. அதக் காட்டித்தான் வெடிக்க ஆரம்பிச்சாங்க.

ஐயோ, பொய் எழுதினீங்கன்னு நான் எப்ப சொன்னேன்? சங்கிலி புடிச்சித்தான் அளந்தீங்க, நானும் வேடிக்க பாத்தேன். நடுவுல பழைய பள்ளம், ரெண்டு பனமரம் ஆழத்துக்குத் தண்ணி. எறங்க முடியாதுன்னு லாரி ரோட்டோடயே சுத்திகினு வந்தீங்க. லாரிக்கு அது கரெக்ட்டு. வெடிச்ச கல்லு இன்னா, ஆரன் அடிச்சிகினு வளைவுல திரும்பியா வரும்? நேரா வருது சார்.

அதான் நானும் நேரா அளந்தேன். பள்ளத்துல கால் வெக்காமயே. இந்தக் கட்டில்லேர்ந்து கொடிக்கு ஒரு கோடுன்னு வெச்சிக்கோங்க. கொத்தனாரு கயித்துல மூணு நாலு அஞ்சு புடிச்சி மூல பாப்பாரே, அப்படி மூல பாத்து, பக்கவாட்டுல அறுவது மீட்டர் போனேன். அதோ, அந்த வேப்பமரம் வரிக்கும். அங்க ஸ்டூல போட்டு, பாகைமானிய ஆணி அடிச்சி, பப்பாளி எலக் காம்புக் குழா வழியா கொடியப் பாத்தா, கட்டிலுக்கும் கொடிக்கும் நடுவுல எழுவத்திரெண்டு டிகிரி. டேன் எழுவத்திரெண்டு மூணு புள்ளி சைபர் எட்டு. அறுவதால பெருக்குங்க. நூத்தி எம்பத்தஞ்சு.

டேன் பாக்கற லாக் புக்கு ஏதுன்னா கேக்கறீங்க? அந்த வாத்தியாருகிட்டயேதான் போயி வாங்கியாந்தேன். இன்னாடா, கப்பல் வந்துடுச்சான்னாரு.

ஸ்கூல் பசங்க பாகைமானிய நம்ப முடியாதா? சரி, ஒரு டிகிரி தப்புன்னே வெச்சிக்கோங்க. அப்பவும் நூத்தித் தொண்ணூத்தாறுதான். முன்னூறு வரணும்னா ஏழு டிகிரி தப்பணும். எனக்கு மாறு கண்ணுதான், ஆனா அவ்ளோ மாறு இல்ல.

நீங்களே குழாயில பாருங்களேன். வேணாமா? ரூல்படி மறுபடியும் சங்கிலிதானா? அதே லாரி ரோட்டுலயா? நல்லா இருக்குது சார் உங்க ரூலு.

மனுவுல ரெண்டாம் பக்கம் படிச்சீங்களா? இல்லியா. பரவால்ல. எங்கக்கா அம்சாவப் பத்தி எழுதியிருந்தேன். நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்துகினு மல்லாட்ட உரிச்சிகினு இருந்துது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடினோம், விக்கிரவாண்டியே தாண்டல. பழைய கயித்துல கறை போவல, அதான் மாத்திட்டேன்.

அதுவா? ஒண்ணுமில்ல சார், மொதோ விசிலு. பன்னண்டுக்கு வெடி. மூணு ஊதுவாங்க, இன்னும் ரெண்டு இருக்குது.

இன்னா எழுந்துட்டீங்க? உக்காருங்க சார். நானும் உங்க பக்கத்துலதான் உக்காந்துகினு இருக்கேன். முன்னூத்திப் பத்து மீட்டரு. இங்க ஒண்ணும் வராது.