செவ்வாய்க்கிழமை நாற்காலி

காபி நன்றாக இருக்கிறது. காவல் நிலையத்துக் காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்று நினைத்து வந்தேன். கேளுங்கள், சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

என் கணவர் ஓட்வாருக்குக் குடலில் புற்றுநோய் வந்தபோது முதலில் மாத்திரைதான் கொடுத்தார்கள். காலையும் மாலையும், சாப்பிட்ட பிறகு. அந்த மாத்திரையை மற்றவர்கள் வெறும் கையால் தொடக்கூடாது என்றார்கள். நான் கையுறை மாட்டிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். அவர் வாயைத் திறப்பார். காலமெல்லாம் படகு இயந்திரங்களோடு கிடந்த மனுஷன், கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு மாத்திரை போதவில்லை. காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஊசி குத்துவதற்கென்று ஒரு சின்ன மூடியைப் பதித்து, அதன் வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய், ஆஸ்பத்திரியில், ஜன்னலோர நாற்காலியில். பக்கத்து நாற்காலியில் தூர்டிஸ். அவளுக்கு மார்பில். தலையில் ஒரு முடி இல்லை, வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"என்ன ஓட்வார், இன்னிக்கும் நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சரக்கா?" என்பாள், மருந்துப் பையைக் காட்டி.

"உன்னுதுல தண்ணி கலந்துட்டாங்க, நல்லாப் பாரு," என்பார் இவர்.

மருந்து நெஞ்சு வழியாக ஏறியதால் அவருக்கு இரண்டு கையும் சும்மா இருந்தன. அவள் பின்னல் ஊசியைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு சிவப்புத் தொப்பி பின்னி, அவரே அவள் தலையில் மாட்டிவிட்டார். நான் வாஃபிள் அப்பமும் காபியும் ஏந்திக்கொண்டு நின்றேன். வயிறு எரிந்தது. அன்றைக்குத் திரும்பும் வழியில் காரை நிறுத்தி வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த தடவை எப்ப வரும்னு இருக்கு" என்றார்.

ஜூனில் நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

"ஓட்வாருக்கு மருந்து போதும்னு ஆயிடுச்சு. கோடைக்கு மலைக்குடிலுக்குப் போறோம். யாரும் கூப்பிட வேணாம்ங்கிறார்."

"குடிலுக்கா? அப்ப தொந்தரவே பண்ண மாட்டோம்," என்றாள் நர்ஸ் மாரித். "டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நல்லா இருந்துட்டு வாங்க."

ஓய்வெடுக்கக் குடிலுக்குப் போனவரை நம் நாட்டில் யார் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வார்கள்?

அவரிடம், டாக்டர் மறுபடி மாத்திரைக்கே மாற்றிவிட்டார் என்றேன்.

"அப்ப செவ்வாய்க்கிழமை?" என்றார். அதைத்தான் முதலில் கேட்டார்.

பழைய மாத்திரை டப்பாவில் கடையில் வாங்கிய சத்து மாத்திரையைப் போட்டு வைத்திருந்தேன். அவர் மறுபடி என் முன்னால் வாயைத் திறந்தார்.

"இந்தத் தடவை வாந்தியே இல்ல, போர்கில்ட். உன் கைராசிதான்," என்றார் ஒருநாள்.

பிறகு கண் மஞ்சளாயிற்று. மலையில் பனி விழுவதற்கு முன் என் மடியில்தான் போனார்.

தூர்டிஸ்தானே உங்களிடம் வந்தாள், அந்தத் தொப்பியோடு? அவளுக்குக் குணமாகிவிட்டதாம். முடி வளர்ந்த பிறகும் அவளுக்கு எதற்குத் தொப்பி?

விஷம் கொடுத்தேனா என்று கேட்டீர்கள். சேச்சே. வெறும் சத்து மாத்திரை. அதையும் கடைசி நாள்வரை கையுறை மாட்டிக்கொண்டுதான் கொடுத்தேன். அவர் விஷயத்தில் நான் ஒருநாளும் அஜாக்கிரதையாக இருந்ததில்லை.