பச்சை டிக்

வேலை நேரத்தில் யாராவது என் அறைக்கு வந்து நின்றால் எனக்குப் பிடிக்காது. அதுவும் டீ ஆறுகிற நேரத்தில் வந்தால் சுத்தமாகப் பிடிக்காது.

விசாரணை அதிகாரிக்கு இது புரிந்திருக்கிறது. "வாக்குமூலத்தை நீங்களே டைப் பண்ணிடுங்க தம்பி, நான் வந்து பாத்துக்கறேன்" என்று, நான் உருவாக்கிய பக்கத்தையே திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பாய்லர் அறைக்காரர்கள் ஷிப்ட் முடியும்போது பழுதுகளை எழுதும் பக்கம் இது. எழுத்தைத் தடிமனாக்கலாம், சிவப்பாக்கலாம். 'சேமி'யை அழுத்தினால் டேட்டாபேஸுக்குப் போகும். பராமரிப்புப் பிரிவு அங்கிருந்து படிக்கும். ஒரு குறிப்புக்கு ஐந்நூறு எழுத்து இடம் விட்டிருந்தேன். தாராளம் என்று நினைத்தேன். ஆனால் சிவப்பு, தடிமன் என்று ஜோடிக்க ஜோடிக்க, அதற்கான குறிகளும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே சேர்ந்துகொள்ளும். ஐந்நூறைத் தாண்டினால் டேட்டாபேஸ் வாங்காது. 'சேமிக்க முடியவில்லை' என்று திரையில் வரும். உடனே படியேறி என்னிடம் வந்துவிடுவார்கள்.

இடத்தைப் பெரிதாக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் மேலாளரிடம் போய், நான் போட்ட அளவு தப்பு என்று சொல்ல வேண்டும். கெட்டிக்காரன் என்று பேர் எடுத்தவனிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா? சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பச்சை டிக் வரும்படி மாற்றிவிட்டேன். அதன்பிறகு ஒருவரும் படியேறவில்லை. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பாய்லர் அறையில் வேலை பார்த்த என் அக்கா வீட்டுக்காரருக்குத்தான் சுருக்கமாக எழுத வராது. அழுத்தம் ஏறினால் ஆவியை வெளியே விடும் வால்வு இறுகிக் கிடக்கிறது என்பதை அரைப் பக்கத்துக்கு எழுதினார். யாரும் வரவில்லை. மறுநாள் தடித்த எழுத்தில் எழுதினார். அதற்கடுத்த நாள் சிவப்பில். பாவம், அழுத்திச் சொல்லச் சொல்ல நீளம்தான் கூடியது. பராமரிப்புக்காரர்களிடம் நேரிலும் கேட்டிருக்கிறார். "சிஸ்டத்துல வரலயேண்ணே" என்றார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன மாப்ள, நான் எழுதறது போய்ச் சேருதா இல்லையா?"

"பச்சை டிக் வருதுல்ல மாமா? அப்புறம் என்ன சந்தேகம்?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார்.

சேராத குறிப்புகள் பிழைப் பட்டியல் ஒன்றில் விழும். என்னைத் தவிர யாரும் அதைப் பார்ப்பதில்லை. அவருடையது பதினொன்று இருந்தது. பதினொன்றையும் படித்தேன். கடைசிக் குறிப்பு முழுக்கச் சிவப்பு, கண் கூசியது.

வியாழக்கிழமை காலை பாய்லர் வெடித்தது. மாமாவை மூடியே கொண்டுவந்தார்கள். பழுதை அவர் எழுதவே இல்லை, தப்பு அவருடையதுதான் என்றது நிர்வாகம். டேட்டாபேஸில் இல்லையே, என்ன செய்வது.

அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் மேலயே பழியப் போடறாங்கடா தம்பி. தினம் எழுதறேன்னு சொன்னாரே. நீ பாத்தியா?"

"இல்லக்கா."

அன்று மாலையே பதினொன்றையும் அழித்தேன். படித்தால் அக்கா தாங்கமாட்டாள்.

மாமா எழுதினார். நான் படித்தேன். நான் மறைத்தேன். அவரைக் கொன்றது நான்தான். இந்த வரிகளைத் தடித்த எழுத்தில், சிவப்பில் போட்டிருக்கிறேன். அதிகாரி இதை அக்காவுக்கும் காட்டுவார். அவள் கண்ணில் முதலில் இவைதான் பட வேண்டும்.

கொஞ்சம் நீண்டுவிட்டது. இடம் இன்னும் அதே ஐந்நூறுதான். 'சேமி'யை அழுத்தப் போகிறேன். பச்சை டிக் வந்துவிடும். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று இன்றைக்காவது நிம்மதியாகச் சாப்பிடலாம்.