பேருக்கு ஏது பாடு

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் தோணிரேவு கிராமத்து மீனவர் ஒருவரும் அவர் மனைவியின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"செத்துப்போன என் புள்ள பேர்ல சீட்டாட்டம் நடக்குது மச்சான்" என்றார் மீனவர்.

"இன்னா மாமா சொல்ற?"

"நண்டு விக்க அவன் பேர்லயே வெப்சைட் வெச்சிருந்தான்ல, அதுல இப்போ ரம்மி ஆடக் கூப்புடுறானுங்க. வருசா வருசம் அந்தப் பேரைப் புதுப்பிக்கணுமாம். நமக்கு இன்னா தெரியும்? எவனோ எடுத்துக்கினான்."

"அது அப்டித்தான் மாமா. வுட்டா யார் வேணா எடுத்துக்கலாம்."

"ஏரில அப்டியா? ஊர் மொறை வெச்சிக் குடுக்குற பாடு நமக்கு வந்த அன்னிக்கு ஊட்ல சாவு வுழுந்தா, நம்ம மொறைல வேற எவனாச்சும் வலை போடுவானா? ஊர் சும்மா வுடுமா? இந்தப் பேருங்களுக்கு ஊர் எது, தலைவர் யாரு?"

"வெளிநாட்ல ஏதோ ஒரு சபை இருக்குதாம்."

"அங்க போய் அழுதா கேப்பாங்களா?"

மச்சான் கேட்டார்:

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுல அவன் நண்டைத் தூக்கிக் காட்டி சிரிக்கிற போட்டோ இருந்துச்சே, அதைத்தான் தெனம் பாப்பா. அவ போன்ல நெட்டை நிறுத்திட்டு, டவர் இல்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். பாவி மவ, விடிஞ்சா போனைத் தூக்கிப் புடிச்சிக்கினு ஏரிக்கரை வரைக்கும் நடக்குறா."